கதிரை கற்பிக்காத தொழில்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தச்சராக வேண்டுமாயின் பட்டறையிலே சில ஆண்டுகள் கைபழக வேண்டும். சாரதியாக வேண்டுமாயின் பரிசோதகரைப் பக்கத்தில் இருத்தி வாகனத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். தாதியாக வேண்டுமாயின் நோயாளர் விடுதியில் மூத்த தாதியின் கண்முன்னே நின்று பழக வேண்டும். ஆனால், இருபது மனிதரின் உழைப்பையும் நேரத்தையும் தன்மானத்தையும் ஒருவருடைய பொறுப்பில் ஒப்படைக்கும்போது மாத்திரம், அவருக்கு அந்தத் தொழில் தெரியுமா என்று கேட்பார் எவருமிலர். சேவைமூப்பு வருகிறது, அல்லது வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சையின் பெறுபேறு வருகிறது, அல்லது பட்டச் சான்றிதழ் வருகிறது. நேற்றுவரை கோப்புகளை நகர்த்தியவர் இன்று மனிதரை நகர்த்தத் தொடங்குகிறார். கதிரை மாறியதோடு ஆற்றலும் வந்து சேர்ந்துவிட்டதெனக் கொள்ளப்படுகிறது.

அவ்வாறு வந்து சேர்வதில்லை என்பதற்குக் குடாநாட்டின் கந்தோர்களே சான்று. காலை எட்டரை மணிக்கு வரவுப் பதிவேட்டிலே சிவப்புக் கோடு இழுப்பதே மேற்பார்வை என எண்ணும் அதிகாரி, கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டவர் ஒன்பது மணிமுதல் நான்கேகால்வரை என்ன செய்கிறார் என்பதை அறியார். புதிதாக வந்த இளைஞருக்கு முதல்நாள் வேலை கற்பிக்கப்படுவதில்லை. மூன்றாம் மாதம் அவர் பிழைவிட்டதும் விளக்கம் கோரிக் கடிதம் மாத்திரம் தவறாது வழங்கப்படுகிறது. இரு ஊழியருக்கிடையே பிணக்கு மூண்டால் ஒருவருக்கு இடமாற்றம். பிணக்கு மற்றைக் கிளையிலே முளைவிடுகிறது. திறமையாகச் செய்பவர் மேசையில் மேலும் கோப்புகள் குவிகின்றன. செய்யாதவர் நிம்மதியாகப் பத்திரிகை வாசிக்கிறார். இவற்றையெல்லாம் தனிமனிதரின் குணக்கேடு எனக் கூறி அமைவது எளிது. உண்மையில் இவை கல்லாமையின் விளைவுகள். ஒருவருக்கு நீந்தக் கற்பிக்காது கடலில் இறக்கிவிட்டு, அவர் தத்தளிப்பதை அவருடைய சுபாவம் என்று சொல்வது நியாயமாகாது. இங்கோ தத்தளிப்பவர் தனியே மூழ்குவதுமில்லை. கையில் அகப்பட்டவரையும் சேர்த்தே அமிழ்த்துகிறார்.

இந்தக் கல்லாமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடக்கிய செமினரி, 1855இல் மூடப்பட்டது. சமயப் பணியாளரை ஆக்கவந்த கல்வி அரசாங்க உத்தியோகத்தரை ஆக்குகிறது என்ற மனக்குறை, அதனை மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. செமினரி மூடப்பட்டது, அது திறந்துவிட்ட பாதை மூடப்படவில்லை. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்பிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இலிகிதராய், நில அளவையாளராய், புகையிரத நிலைய அதிபராய்ப் பரந்து சென்றனர். அவர்களுடைய நேரந்தவறாமையும் கணக்குச் சுத்தமும் பெயர்பெற்றவை. அவற்றை எள்ளுவது நன்றிகேடு. மலாயாப் பென்சனியர் திரும்பிவந்து கட்டிய வீடுகளும் பாடசாலைகளும் இன்றும் நிற்கின்றன. எனினும் அவர்கள் பெற்ற பயிற்சியின் இயல்பை நோக்குதல் வேண்டும். அது மேலிருந்து வரும் கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றும் பயிற்சி. கட்டளையிடும் தொழில் துரைக்கே உரியதாயிருந்தது. துரை ஓய்வுபெற்றுக் கப்பலேறியபோது அவருடைய கதிரை இங்கே எஞ்சியது. அவர் மணி அடித்து ஆளை அழைத்த விதமும், தலைநிமிராது கோப்பிலே கையொப்பமிட்ட விதமும் எஞ்சின. அவருக்குத் தொழில் தெரிந்திருந்ததா என்பது வேறு வினா. கீழே இருந்து பார்த்தவருக்குத் தொழில் தெரியவில்லை, தோரணைதான் தெரிந்தது. தெரிந்ததையே அவர் பயின்றார்.

கந்தோருக்கு வெளியே நிலைமை இதனிலும் கசப்பானது. குடாநாட்டின் தோட்டத்திலும் வயலிலும் பிறருடைய உழைப்பை ஏவும் உரிமை பிறப்பினால் வந்தது. குடிமைகளை ஏவிய குடும்பத்தார்க்கு வேலையைப் பகுத்துக் கொடுக்கவோ, கற்பிக்கவோ, இணக்கம் பெறவோ தேவை இருக்கவில்லை. சாதி என்னும் சவுக்கு எப்போதும் சுவரில் தொங்கியது. எடுத்து வீசாமலே வேலை நடந்தது. நிலமானிய அமைப்பின் இந்த ஏவலைச் சிலர் இன்றும், 'அந்தக் காலத்து ஆளுமை' எனப் போற்றுவர். சவுக்கு இருந்த இடத்தில் ஆளுமை இருந்ததா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? சவுக்கை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அறிய முடிந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. ஏவலுக்கு மறுப்பு எழுந்தவுடன், 'ஆள் பிடிக்க முடியவில்லை', 'இப்போது யாரும் சொற்கேட்பதில்லை' என்ற முறைப்பாடும் எழுந்தது. சொற்கேளாமை அன்று தோன்றியதன்று; சொல்லத் தெரியாமை அன்று வெளிப்பட்டது என்பதே பொருந்தும்.

மொழியிலே இதன் தழும்பைக் காணலாம். யாழ்ப்பாணத் தமிழில் முன்னிலைக்கு மூன்று படிகள் உள: நீ, நீர், நீங்கள். இவற்றுள் 'நீர்' ஒருவரை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் பேசுதற்கு உதவும் இனிய சொல். பேச்சுவழக்கில் அதனை இத்துணை உயிர்ப்போடு காத்து வைத்திருப்போர் தமிழருள் மிகச் சிலரே. அச்சொல் கந்தோரிலே படுகின்ற பாட்டை மொழியியல் மாணவர் எவரேனும் ஆராய்தல் தகும். இலிகிதரை 'நீர்' என்று விளிக்கும் அதே வாய், தந்தை வயதுடைய காவலாளியை 'நீ' என்கிறது. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் 'நீங்கள்' ஆகிறார். பெண் ஊழியர் ஐம்பது வயதிலும் 'பிள்ளை'. வேலையின் தரத்துக்கும் இந்தப் படிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அன்றியும், 'நீ' என்று அழைக்கப்பட்டவர் வாய்திறந்து, 'ஐயா, கூரைத் தகடு கழன்றிருக்கிறது, மழை வந்தால் பதிவேடெல்லாம் நனையும்' என்று முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. சொல்லிப் பெற்ற பரிசு அவருக்கு நினைவிருக்கும். பதிவேடுகள் நனைந்த பின்னரே விசாரணை தொடங்கும்.

'முகாமையாளர்' என்ற சொல்லின் கதையும் சிந்திக்கத் தக்கது. இன்று வங்கியையும் தொழிற்சாலையையும் நினைவூட்டும் இச்சொல், 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை, யாழ்ப்பாணத்து ஆசிரியருக்குப் பாடசாலை மனேச்சரையே குறித்தது. நியமனம் அவர் கையில். நீக்கமும் இடமாற்றமும் அவர் கையில். சிலர் அறநெஞ்சினராய் இருந்தனர் என்பது உண்மை. ஆயினும் ஆசிரியர் அஞ்சியது வகுப்பறையைப் பார்வையிட்டு வழிகாட்டும் ஒருவருக்கன்று, சம்பளத்தையும் சமயத்தையும் ஒருங்கே பிடித்திருந்த ஒருவருக்கே. கோயில்களிலோ முகாமை இன்றும் பல இடங்களிற் பரம்பரைச் சொத்து. இவ்விரு நிழல்களும் அச்சொல்லின் மேல் விழுந்து கிடக்க, பல்கலைக்கழகங்கள் முகாமைத்துவம் என்ற பெயரில் ஒரு துறையைத் தொடங்கிப் பாடநூலைத் திறந்தால் நிழல் அகன்றுவிடுமா?

மலைநாட்டுத் தோட்டங்களிலே இன்னொரு தமிழ்ச்சொல் இதனிலும் கெட்டது. கண்ணால் காணிப்பவன், கவனித்துக் காப்பவன் என்ற பொருளிற் பிறந்த 'கண்காணி', கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் 'கங்காணி' ஆகி, ஆங்கில அகராதிக்கும் சென்றது. அங்கே அவன் தொழிலாளரைக் கடனிற் கட்டிவைத்து, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தனக்கெனக் காசு பெற்றவன். கடனோடு தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அத்தோட்டங்களின் கந்தோர்களிலே யாழ்ப்பாணத்தவர் பலர் உத்தியோகம் பார்த்தனர் என்பதை மறைத்தலாகாது. கவனித்துக் காத்தல் என்ற தொழிலுக்குத் தமிழில் நல்லதொரு பெயர் இருந்தது, அது வசைச்சொல்லாயிற்று. தொழில் இழிந்தபோது பெயரும் உடன் இழிந்தது.

எனினும் குடாநாட்டில் அத்தொழில் அறவே இருந்ததில்லை எனக் கொள்வது தவறு. படித்தவர் கண்ணுக்குப் படாத இடங்களில் அது செழித்தது. வல்வெட்டித்துறைத் தண்டையல், பாய்க்கப்பலைக் கொண்டு வங்கக் கடலைக் கடந்து திரும்பியவர். நடுக்கடலிலே தாபனக் கோவை இல்லை; இடமாற்றமும் இல்லை. ஒவ்வொருவரின் கைவலுவும் அச்சமும் தண்டையலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவனைப் பாய்மரத்தில் ஏற்றுவது, எவனைச் சுக்கானில் நிறுத்துவது, எப்போது அதட்டுவது, எப்போது சிரிக்கவைப்பது என்பன அவருடைய கல்வி. அவரும் ஒருகாலத்திற் கப்பற் பையனாய் ஏறி, வேறொரு தண்டையலின் கீழ்ப் பழகியவரே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' அவ்வூர் மாலுமிகளுடன் 1938இல் ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததைப் பெருமையோடு பேசுவோர், கப்பலின் மரத்தைப் பற்றிப் பேசுகின்றனர். மாலுமிகளின் துணிவைப் பற்றிப் பேசுகின்றனர். அந்த ஊரிலே ஆளை நடத்தும் தொழில் கைமாறி வந்த முறையைப் பற்றிப் பேசுவதில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இத்தகைய இன்னொரு பள்ளி. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் அயலிலே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. சீமெந்துச் சூளை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்டும் அடுப்பன்று. இரவும் பகலும் எரிய வேண்டியது. ஒருமுறை குளிர்ந்தால் நட்டம் பெரிது. ஆகவே ஒரு முறைமாற்றின் தலைவர் அடுத்த முறைமாற்றின் தலைவரிடம் சூளையை மாத்திரமன்றி, ஆட்களையும் ஒப்படைக்க வேண்டியவர்: யார் களைத்திருக்கிறார், எந்த இயந்திரம் முனகுகிறது, எந்தப் புதியவரைத் தனியே விடலாகாது என்பனவெல்லாம் அந்தச் சில நிமிட உரையாடலில் அடங்கும். இது புத்தகத்திற் கற்கும் பொருளன்று. தீவிரப் போர் 1990இல் அத்தொழிற்சாலையை மூடியது. அதனை மீளத் திறப்பது பற்றி அவ்வப்போது எழும் விவாதங்களில் இயந்திரம் பேசப்படுகிறது, முதலீடு பேசப்படுகிறது, சுண்ணக்கல் அகழ்வினால் நிலத்தடி நீருக்கு நேரும் கேடு நியாயமாகவே பேசப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் சேர்ந்த தலைமைத் தொழிலாளர் பரம்பரை எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. சிலர் மாண்டனர், சிலர் கடல் கடந்தனர், சிலர் முதுமையடைந்து திண்ணையில் இருக்கின்றனர். அவர்களிடமிருந்து எவரும் எதனையும் எழுதி வாங்கவில்லை.

கூட்டுறவு இயக்கத்தின் பாடம் வேறுவகையானது. 1930களில் மூளாயில் உறுப்பினரின் பங்குப் பணத்தினால் ஒரு கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. அதே பத்தாண்டில் திருவிதாங்கூருக்குச் செல்லும் புகையிலையை விற்கச் செய்கையாளர் தமக்கென ஒரு விற்பனவுச் சங்கத்தை அமைத்தனர். இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வீரசிங்கத்தின் பெயரை யாழ்ப்பாண நகரில் ஒரு மண்டபம் தாங்கி நிற்கிறது. அம்மண்டபத்திற் கூட்டம் கேட்டவர் ஆயிரம் பேர், அவர் எதற்காக நினைக்கப்படுகிறார் என அறிந்தவர் எத்தனை பேர் என்பது ஐயம். கூட்டுறவுச் சங்கத்திலே சம்பளம் பெறும் மனேச்சர் மேற்பார்வை செய்பவராகவும், செய்கையாளர் நிறைந்த குழுவினால் மேற்பார்வை செய்யப்படுபவராகவும் ஒரேநேரத்தில் இருந்தார். அவருடைய கணக்கை மாதந்தோறும் வேட்டி கட்டிய பத்துப்பேர் கேள்வி கேட்டனர். அதனாற்றான் அவர் பணிவையும் உறுதியையும் சேர்த்துக் கற்றார். 1970களின் தொடக்கத்தில் தவறணைக் குத்தகை முறை ஒழிந்து, கள்ளிறக்கும் தொழிலாளர் தம் சங்கங்களை அமைத்தபோது நிகழ்ந்தது இன்னும் துணிவானது. தலைமுறை தலைமுறையாக ஏவப்பட்டவர் தாமே இலிகிதரை நியமித்து, தாமே விற்பனையைக் கண்காணித்து, தாமே சம்பளப் பட்டியலிற் கையொப்பமிட்டனர். அச்சங்கங்களில் ஊழலும் கட்சி அரசியலும் புகுந்ததில்லை என்று எவரும் கூறார். ஆனால், 'அவர்களால் முடியுமா?' என்று அன்று வெற்றிலையை மென்றபடி கேட்டவர்கள், தம் கந்தோர்களில் தாம் எதனை முடித்தனர் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இன்றும் உயிரோடு இயங்கும் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் குடும்பநலச் சுகாதார உத்தியோகத்தரைப் பார்க்கலாம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த ஏற்பாடு இது. கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குச் சென்று பதிவேட்டில் எழுதும் பெண்ணுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் உள்ளார். அவர் கந்தோரில் இருந்தபடி பதிவேட்டை அழைப்பித்துச் சிவப்புக் கோடு இழுப்பதோடு நிற்பவரல்லர். அவரும் களத்துக்குச் செல்ல வேண்டும். பதிவேட்டில் உள்ள தாயை வீட்டிலே கண்டு பேச வேண்டும். எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள தொலைவை அளக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் சுகாதார வைத்திய அதிகாரி முன்னிலையிற் கூடுகின்றனர். மேற்பார்வை செய்பவரும் ஒருகாலத்தில் அதே வேலையைச் செய்து பழகியவர். தாய்சேய் இறப்பைக் குறைத்ததற்காக உலகம் இலங்கையைப் பாராட்டும்போது அப்பாராட்டிற் பெரும்பங்கு இந்த எளிய ஒழுங்குக்கும் உரியது. பெரும் பட்டங்கள் நிறைந்த திணைக்களங்கள் வெட்கமின்றி இதனைப் பார்த்துக் கற்கலாம்.

கற்பிக்க இயலுமா என்ற வினாவுக்கு உலகம் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டுவிட்டது. 1940இல், இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில், ஐக்கிய அமெரிக்கா தன் தொழிற்சாலைகளின் மேற்பார்வையாளருக்கென ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் உலகப் போர்க்காலத்திற் கப்பல் கட்டும் தொழிலாளரைப் பயிற்றிய சாள்ஸ் அலன் என்பாரின் நான்கு படி முறையிலிருந்து அது வளர்ந்தது. பயிற்சி பத்தே மணித்தியாலம்: இரண்டு மணித்தியாலமாக ஐந்து அமர்வுகள், ஒரு குழுவிற் பத்துப் பேரளவில். விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கும் வேலை அங்கில்லை. ஒவ்வொருவரும் தம் தொழிற்சாலையிலிருந்து ஓர் உண்மையான வேலையைக் கொண்டுவந்து, மற்றவர் முன்னிலையில் அதனைக் கற்பித்துக் காட்ட வேண்டும். கற்பவரை அச்சம் நீக்கி ஆயத்தப்படுத்துதல், வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டுதல், அவரையே செய்யவைத்துப் பிழை திருத்துதல், பின்னர் அவ்வப்போது சென்று பார்த்தல் என்பன நான்கு படிகள். பிணக்குத் தீர்க்கவும் அவ்வாறே: செய்தியை முழுமையாகத் திரட்டுதல், நிறுத்துப் பார்த்து முடிவு செய்தல், செயற்படுதல், விளைவைச் சரிபார்த்தல். 1945இல் திட்டம் முடியும்போது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் சான்று பெற்றிருந்தனர். போரிலே தோற்றுச் சாம்பலான யப்பான் அதே பயிற்சியைக் கடன்வாங்கி, தன் தொழிற்சாலைகளில் ஊன்றி வளர்த்தது. அதனைத் தொடக்கிய நாடோ போர் முடிந்ததும் பெரும்பாலும் மறந்தது.

இங்கே, 'இதற்கெல்லாம் அமெரிக்கா செல்ல வேண்டுமா, திருக்குறளிலே இல்லையா?' என்று ஒரு பகுதியார் கேட்பர். இருக்கிறது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஐம்பத்தோராம், ஐம்பத்திரண்டாம் அதிகாரங்களில் இருக்கிறது. தகுதி அறிந்து வேலையை ஒப்படைப்பதும், ஒப்படைத்தபின் நாள்தோறும் கவனிப்பதும் அங்கே சொல்லப்பட்டுள்ளன. பரிசளிப்பு விழா மேடைகளில் அக்குறள்கள் இழுபட்டுத் தேய்ந்தும் போயின. அவற்றை மேடையில் முழங்கிய கையோடு கந்தோருக்குத் திரும்பி, கணக்குத் தெரிந்தவரை முத்திரை குத்தவும், முத்திரை குத்தத் தெரிந்தவரைக் கணக்கெழுதவும் விடுகின்றவர்களைக் குறள் என்ன செய்யும்? கருத்து இருப்பது ஒன்று, கை பழகுவது மற்றொன்று. அலனின் முறையிற் கருத்து மிகச் சிறிது, பழக்கமே பெரிது.

மற்றொரு பகுதியாரின் வாதம் கனமானது. அரசாங்க சேவையில் மேலதிகாரிக்குக் கை கட்டப்பட்டிருக்கிறது. நன்றாகச் செய்பவருக்கு ஒரு சதம் கூட்டிக் கொடுக்க முடியாது, செய்யாதவரை அனுப்ப முடியாது. தாபனக் கோவையும் தொழிற்சங்கமும் அரசியல்வாதியும் நாற்புறமும் நிற்க, மேற்பார்வை எவ்வாறு சாத்தியம் என்பது அவ்வாதம். இதில் ஒரு பாதி உண்மை. மறுபாதியைப் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்தில் வேலை கற்பிக்கலாகாது என்று எந்தக் கோவையும் விதிக்கவில்லை. நன்றாகச் செய்த வேலையை அன்றே நன்று எனக் கூறுவதைத் தடுக்கும் நிதிப் பிரமாணம் இல்லை. கிளை மாற்றப்படவிருப்பதை முன்கூட்டி அறிவிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இருக்கும் கருவியேனும் எடுத்தாளப்படுகிறதா? ஆண்டுதோறும் சம்பளவேற்றப் படிவம் வருகிறது. ஊழியரை அழைத்து, இவ்வாண்டு இது நன்று, இது குறை, அடுத்த ஆண்டுக்குள் இதனைத் திருத்துவோம் என்று அரைமணி நேரம் பேசுவதற்கென்றே வாய்த்த வேளை அது. பல இடங்களில் அது கட்டாக வருகிறது, கட்டாகக் கையொப்பம் பெறுகிறது, கட்டாகச் செல்கிறது. எல்லோரும் திருப்திகரம். அவ்வாறு பத்து ஆண்டு திருப்திகரம் என எழுதிவிட்டுப் பதினோராம் ஆண்டில், 'இவன் தொடக்கத்திலிருந்தே உதவாதவன்' என்று ஒழுக்காற்று விசாரணையிற் சாட்சி சொல்பவரே சட்டத்தைக் குறை கூறுகிறார்.

தனியார் துறையோ இந்தக் கட்டுகள் இல்லாதது. 2009இன் பின்னர் யாழ்ப்பாண நகரில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பல்பொருள் அங்காடிகளும் வரிசையாக வந்தன. அங்கே அனுப்பும் அதிகாரம் தாராளமாக உண்டு. ஆகவே தொழில் சிறந்ததா? இலக்குத் தொகையை நிரப்பாத இளைஞரைக் காலைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவதும், கடையிலே நாள் முழுவதும் நிற்கும் பெண்களுக்கு இருக்கக் கதிரை கொடுக்க மறுப்பதும் முகாமைத்துவம் எனப்படுமாயின், சுவரில் தொங்கிய பழைய சவுக்கு புதிய நிறத்தில் மீண்டும் மாட்டப்பட்டுள்ளது என்பதே பொருள். அனுப்பும் அதிகாரம் கற்பிக்கும் சோம்பலை வளர்ப்பதை அங்கே காணலாம்: ஒருவரைத் திருத்துவதிலும் இன்னொருவரைத் தேடுவது இலேசு. வேலையற்றோர் வாசலில் நிற்கும் ஊரில் அது மலிவும்கூட.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்தைக் கடந்து செல்ல இயலாது. 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலத்தில் வளாகமாய்த் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனம் இன்றுவரை பல்லாயிரம் பட்டதாரிகளை அனுப்பியுள்ளது. அவர்களிற் பெரும்பாலோர், அவர்கள் கற்றது தமிழாயினும் புவியியலாயினும் விலங்கியலாயினும், பத்து ஆண்டுக்குள் எவரையேனும் மேற்பார்வை செய்யும் நிலைக்கு வருவர்: அதிபராய், பிரதேச செயலகக் கிளைத் தலைவராய், ஆய்வுகூடப் பொறுப்பாளராய், வங்கி முகாமையாளராய். முகாமைத்துவ மாணவர் ரெயிலரின் 1911ஆம் ஆண்டு நூலையும் மேயோவின் ஹோதோர்ன் ஆய்வுகளையும் மூன்று மணித்தியால வினாத்தாளில் ஒப்பிட்டு எழுத வல்லவர். சிக்காகோவுக்கு அருகே நடந்த அவ்வாய்வில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர் பேட்டி காணப்பட்டனர். பேட்டி கண்டோர் முதலிற் பழக வேண்டியிருந்தது தம் வாயை மூடிக் காதைத் திறப்பதற்கே. அதனை எழுதிச் சிறப்புச் சித்தி பெற்ற மாணவர், தம் வாழ்நாளில் ஒரு சிற்றூழியரின் குறையைப் பத்து நிமிடம் குறுக்கிடாது கேட்டிருப்பாரா? கேட்கும்படி எந்தப் பாடநெறி அவரைப் பணித்தது? ஏனைய பீடத்து மாணவருக்கோ இவ்வளவுகூட இல்லை.

இதன் விளைவை அனுபவிப்பவர் பெரும்பாலும் பட்டதாரிகளே என்பதுதான் விந்தை. 2012இலும் 2020இலும் பட்டதாரிப் பயிலுநர் பெருந்தொகையாக அரசாங்க சேவைக்கு எடுக்கப்பட்டனர். கந்தோர்களுக்குச் சென்ற பலருக்கு மேசை இருக்கவில்லை. மேசை கிடைத்தவர் பலருக்கு வேலை இருக்கவில்லை. 'பயிலுநர்' என்ற பெயர் மாத்திரம் இருந்தது, பயிற்றுநர் இருக்கவில்லை. இருபத்தேழு வயதில், கற்ற உற்சாகத்தோடு வந்த ஓர் இளம்பெண் ஓராண்டு காலம் வெறுங்கையோடு அமர்ந்திருக்கப் பழகிவிட்டால், பின்னர் வேலை வரும்போது அவளிடம் எஞ்சியிருப்பது என்ன? நாளை அவள் கிளைத் தலைவியாவாள். தன்கீழ் வருவோருக்கு அவள் கொடுக்கக்கூடியது தனக்குக் கிடைத்ததையே. போரிலே தந்தையையோ கணவனையோ இழந்த குடும்பங்களைத் தாங்கும் பெண்கள் நிறைந்த மாகாணம் இது. ஆண்களையும் மேற்பார்வை செய்யவேண்டிய நிலைக்கு அவர்கள் வருகின்றனர். 'ஒரு பொம்பிளை சொல்லி நான் செய்வதா?' என்ற முனகலைத் தோரணையால் அடக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. தொழில் தெரிந்தால் மாத்திரமே அவர்கள் நிலைக்க முடியும். தொழில் கற்பிக்கப்படாமையின் சுமை அவர்கள் மேலேயே இரட்டிப்பாய் விழுகிறது.

இதனை மாற்றப் புதிய பீடம் வேண்டியதில்லை. பணமும் அதிகம் வேண்டியதில்லை. மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா நடத்துகின்றன. மேடை, மண்டபம், அச்சகம், உணவு என்று நாற்பது ஐம்பது பேரின் உழைப்பு அங்கே திரள்கிறது. நடப்பது யாதெனில், இரண்டு பேர் இராப்பகலாய் உழைத்து நோய்ப்படுவர், முப்பது பேர் நின்று பார்ப்பர், தலைவர் மாலை சூடுவர். அந்த விழாவையே பயிற்சிக்களமாகக் கொண்டு, ஒவ்வொரு மூத்த மாணவரும் ஐந்து புதியவருக்கு ஒரு வேலையைக் கற்பித்து, பகிர்ந்து, கவனித்து, முடிவிலே அந்த ஐவரின் வாயாலேயே தம் குறையைக் கேட்கும்படி செய்யலாம். வெளியிடப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர் இப்போது கட்டி மெருகிட்ட அறிக்கையொன்றைச் சமர்ப்பிக்கின்றனர். அதிலே நிறுவனத்தின் வரலாறும் அமைப்பு வரைபடமும் பிழையின்றி இருக்கும். அவ்வறிக்கைக்கு வழங்கும் புள்ளியிற் பாதியை எடுத்து, அம்மாணவரிடம் வேலை கற்ற ஒரு சிற்றூழியரோ புதிய ஊழியரோ இப்போது அந்த வேலையைத் தனியே செய்கிறாரா என்று விரிவுரையாளர் நேரிற் சென்று பார்த்து வழங்கட்டும். செல்வதற்கு விரிவுரையாளர்க்கு நேரமில்லை என்ற மறுமொழி உடனே வரும். மேற்பார்வை செய்ய நேரமில்லை என்பது எல்லாக் கந்தோர்களிலும் கேட்கின்ற மறுமொழிதான்.